பண்டிகை வரும், அவர் வருவாரா?

நேயர்களே, நமது இலக்கிய வரலாற்று நூல்கள் பெரிதும் கண்டுகொள்ளாத ஒரு வாசிப்பைப் பற்றி இன்று பேசலாம் என எண்ணுகிறேன். தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நத்தார் என்று பண்டிகைகள் நெருங்கும் வேளையில் சிறப்பு மலர்களிலும் மாத நாவல்களிலும் வெளிவரும் காதற் குறுநாவல்களை வாசிப்பதுதான் அது. கதையின் போக்கு எல்லோரும் அறிந்ததே. பிரிந்திருக்கும் இருவர், நெருங்கிவரும் பண்டிகை, ஊர் திரும்பும் ஒருவர், விளக்கேற்றும் நேரத்தில் தீரும் மனத்தாங்கல். முடிவு தெரிந்துகொண்டே வாசிக்கிறோம். விமர்சகர்கள் இவற்றைப் 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவர். ஆனால் இக்கதையின் வேரைத் தேடிப் போனால் அது நம்மைச் சங்க காலத்திற்கே அழைத்துச் செல்கிறது.

அகநானூற்றின் 141ஆம் பாடல் நக்கீரர் பாடியது. பொருள் தேடிச் சென்ற தலைவன் இன்னும் திரும்பவில்லை. இரவில் வரும் கனவும் நல்லதாக இருக்கிறது, வீட்டுப் பக்கம் கேட்கும் புள்ளின் குரலும் நல்லதாக இருக்கிறது என்று தலைவி தோழியிடம் கூறுகிறாள். மழை ஓய்ந்த வானில் முழுமதி கார்த்திகை மீனைச் சேரும் இரவில், தெருவெங்கும் விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு ஊரவர் கூடுகின்ற விழாவை நம்மோடு கொண்டாட அவர் வரவேண்டும் என்பதே அவளது ஆசை. பண்டிகைக்கு அவர் வருவாரா என்ற இந்தக் கேள்வியையே இன்றைய தீபாவளிக் குறுநாவலும் கேட்கிறது. நக்கீரர் அவன் வந்ததாகவும் சொல்லவில்லை, வராததாகவும் சொல்லவில்லை என்பதுதான் வேறுபாடு.

விழா சேர்த்துவைக்கும் என்ற நம்பிக்கையைத் தலைகீழாக்கியவர் இளங்கோவடிகள். புகாரில் இந்திர விழா நிறைவெய்திய பின்னர் கடலாடச் சென்ற கோவலனும் மாதவியும் கானல்வரிப் பாட்டினால் ஊடிப் பிரிகின்றனர். காப்பியத்தின் துயரம் முழுவதும் அந்த விழாவின் விளிம்பிலிருந்து தொடங்குகிறது. விழாவும் காதலும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டன? ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் கண்டு பேச இடமில்லாத சமூகத்தில், கோயில் வீதியும் பண்டிகை நாளுமே ஊரார் குறை சொல்லாத சந்திப்புக்கு இடம் தந்தன. கதைக்காரர்கள் புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை, ஊரில் நடந்ததையே எழுதினார்கள் எனலாம்.

மேனாட்டில் இவ்வகை எழுத்துக்கு அச்சு இயந்திரம் உருவம் கொடுத்தது. 1843 டிசம்பரில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் தமது 'கிறிஸ்மஸ் கரோல்' என்ற சிறுநூலை வெளியிட்டார். 1848 வரையில் இவ்வாறு ஐந்து நத்தார் நூல்கள் வந்தன. 1850 முதல் தமது வாரப் பத்திரிகைக்கும் நத்தார்ச் சிறப்பிதழ் கொண்டுவந்தார். பின்னர் 1908இல் இலண்டனில் மில்ஸ் அன்ட் பூன் நிறுவனமும், 1949இல் கனடாவில் ஹார்லிகுயின் நிறுவனமும் தோன்றின. 1971இல் முன்னதைப் பின்னது வாங்கியது. காதற்கதை தொழிற்சாலைப் பண்டமாகியதும் பண்டிகைக் காலம் அதற்குச் சந்தையாகியதும் இந்த வழியிலேதான்.

இங்கே நமது திருகோணமலைக்கு ஒரு சுவையான தொடர்பு உண்டு. டிக்கன்ஸின் கதையில் ஸ்குரூஜ் என்ற கருமி தனது சிறுவயதைக் காண்கிறான். பள்ளியில் தனித்திருந்த அச்சிறுவனுக்குத் துணையாக இருந்த கதைமாந்தர் சாளரத்துக்கு வெளியே உயிரோடு தோன்றுகின்றனர். அவர்களுள் வலன்டைனும் ஓர்சனும் அடங்குவர். பிறந்தவுடன் பிரிந்து, ஒருவன் அரண்மனையிலும் மற்றவன் காட்டில் கரடியிடமும் வளர்ந்த இரட்டையரின் பழைய பிரெஞ்சுக் கதை அது. அதே கதைதான் 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி அவர்களால் 'ஊசோன் பாலந்தை கதை'யாகத் தமிழில் வந்தது. நான்கு ஆண்டுகளில், 1895இல், திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் 'மோகனாங்கி'யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படும் அந்நூல் சொக்கநாத நாயக்கரின் காதலைச் சொல்வது. ஆகவே காதற்கதை எமது துறைமுகத்துக்கு இரவல் சரக்காக மட்டும் வந்ததன்று, இங்கு பிறந்தவர்கள் அதை ஏற்றுமதியும் செய்தார்கள்.

தமிழகத்தில் 1930களிலேயே ஆனந்த விகடன் போன்ற சஞ்சிகைகளின் தீபாவளி மலர்கள் வாசகரைப் பிடித்துக்கொண்டன. 1969இல் 'ராணி முத்து' தொடங்கியதும் முழு நாவல் ஒன்று மாதந்தோறும் சாதாரண மக்களின் கைக்கு எட்டியது. இலங்கையில் 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது தென்னிந்திய சஞ்சிகைகளின் வரவு சுருங்கியது. அந்த இடைவெளியில் வீரகேசரிப் பிரசுரங்கள் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் பரப்பின. 1973இல் வந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வன்னியின் தண்ணிமுறிப்பையும், அதே ஆண்டில் வந்த செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கரையையும் காதலுக்குக் களமாக்கின. பின்னது 1978இல் திரைப்படமாகவும் வந்தது. இவற்றில் நான் முக்கியமாகக் கருதுவது காலக்கணக்கு. 'வாடைக்காற்று' பண்டிகையை நம்பவில்லை. வாடை பெயரும் காலத்தில் தொழிலுக்கு வரும் மீனவர், காலம் முடிந்ததும் போகவேண்டியவர்கள். எங்கள் காற்றும் கடலும் வகுத்த நாட்காட்டியே அங்கு காதலுக்குக் கெடு வைக்கிறது.

1977க்குப் பின்னர் இந்திய மாத நாவல்கள் மீண்டும் வந்தன. எமது கிளிவெட்டிக்கு அவை திருகோணமலையிலிருந்து லோஞ்சிலும் பஸ்ஸிலும் வந்துசேர்ந்தன. வயல்வேலை ஓய்ந்த மாதங்களில் ஒரு புத்தகம் பத்து வீட்டுக்குப் போகும். முகப்பு மட்டை முதலில் கழன்றுவிடும், பிறகு கடைசித் தாள்கள். உள்ளட்டையில் வாசித்தவர்களின் பெயர்களும் ஆண்டும் பேனையால் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயர்களிற் பெரும்பாலானவை பெண்களுடையவை என்பதை நான் கவனித்திருக்கிறேன். ஒரு கிராமத்தின் வாசிப்பு வரலாற்றுக்கு அதைவிட நல்ல ஆவணம் வேறில்லை.

2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் பல ஆண்டுகள் கிளிவெட்டி முகாமில் வாழ்ந்தனர். அக்காலத்தில் முகாமிலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தியிடம் கடைசிப் பக்கங்கள் இல்லாத பொங்கற் குறுநாவல் ஒன்று இருந்தது. "முடிவு இல்லாமல் எப்படிப் பிள்ளை வாசிச்சனீ?" என்று கேட்டேன். "அவர் வந்திருப்பார் சேர். வராட்டி ஏன் இவ்வளவு எழுதப் போறாங்கள்?" என்றாள். அவளுடைய தகப்பன் வீடு திரும்பாதவர் என்பது எனக்குத் தெரியும். நக்கீரரின் பாடலை வகுப்பில் விளக்கும்போதெல்லாம், தலைவன் வந்தானா என்று மாணவர் கேட்டால், அந்தப் பதிலையே சொல்லிவருகிறேன்.

இத்தகைய நூல்களை உயர்ந்த இலக்கியம் என்று வாதாட நான் வரவில்லை. பல ஒரே அச்சில் வார்த்தவை. பெண்ணின் பொறுமைக்குப் பரிசாகக் கணவனைக் கொடுப்பவை. அதை மாணவருக்கு எடுத்துச் சொல்லவே வேண்டும். ஆனால் அவற்றை எறிந்துவிடுவது வேறு விடயம். நல்ல நூல்களுக்கு நூலகத்தில் இடமுண்டு. இவை இருந்ததற்கான தடயம் பழைய அலுமாரிகளிலும் பரண்களிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. காத்திருத்தலே வாழ்வாகிப் போன ஒரு மாவட்டத்தில், மக்கள் எதை வாசித்துக் காத்திருந்தார்கள் என்பதும் வரலாறுதான்.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அப்படியொரு மலரோ மாத நாவலோ கிடந்தால் பழைய பேப்பர்காரனிடம் கொடுக்கவேண்டாம். உள்ளட்டையைப் பிரித்து யார் யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள். தெரிந்த பெயர்களுக்குப் பக்கத்தில் அவர்கள் எந்த ஊர், யாருடைய மகள் என்று எழுதிவைத்து, பக்கத்துப் பாடசாலை நூலகத்தில் ஒப்படையுங்கள்.