நான்காம் தமிழ்ச் சங்கமும் பாண்டித்துரையார் தொலைநோக்கும்

சேதுநாட்டுக் கடற்கரையில் இதுவே நிலையானது என்று எதனையும் சுட்டுதல் எளிதன்று. 1914ஆம் ஆண்டு பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்ட பின், இலங்கைக்குக் கப்பலேறும் துறையாகத் தனுஷ்கோடி தழைத்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. அதே தீவில், இராமேசுவரத் திருக்கோயிலின் மூன்றாம் பிராகாரம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. சேதுபதி ஒருவர் தொடங்கிய அத்திருப்பணியைப் பின்வந்தோர் நிறைவேற்றினர்.

தொடங்கியவர் மறைந்த பின்னும் தொடரும் பணி எது, அவரோடு முடிந்துபோகும் பணி எது என்னும் வினா அமைப்புகளின் வரலாற்றிலும் எழுவதே. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டத்திற்கு அவ்வினா அயலானதன்று. அதற்கு விடைதேட, இம்மண்ணின் மைந்தர் ஒருவர் 1901ஆம் ஆண்டு நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் முதற் பத்தாண்டுகளை ஈண்டு நோக்குவோம்.

அரசவைப் புரவலும் அதன் எல்லையும்

சேதுபதிகளின் அவை புலவர்களுக்குப் புகலிடமாய் இருந்தது. இரகுநாத சேதுபதி மீது ஒருதுறைக் கோவை பாடினார் அமிர்த கவிராயர். படிக்காசுப் புலவரும் அவ்வவையின் ஆதரவைப் பெற்றவரே. ஆயின் அவ்வாதரவு மன்னர் ஒருவரின் மனத்தையும் கருவூலத்தையும் பற்றி நின்றது. 1795ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி சேதுபதியை அரியணையினின்று இறக்கியது. 1803ஆம் ஆண்டு சேதுநாடு ஜமீனாயிற்று. அரசர் ஜமீன்தாராகவே, புலவரின் நிலையும் தளர்ந்தது.

அத்தளர்ச்சியிலும் அக்குடி தமிழைக் கைவிடவில்லை. ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணைநின்றவர் பொன்னுசாமித் தேவர். அவர் மைந்தரே, 1867ஆம் ஆண்டு பிறந்த பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். அவர் உறவினராகிய பாஸ்கர சேதுபதி கொடைக்குப் பேர்போனவர். கடன்சுமைக்கு ஆளாகி, 1903ஆம் ஆண்டு டிசம்பரில் முப்பத்தைந்து வயதிலேயே மறைந்தார். கொடை எத்துணைப் பெரிதாயினும் கொடுப்பவர் ஆயுளைக் கடந்து செல்லாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

வெளியுலகிலும் தமிழ்க் கல்விக்கு உறுதியில்லாத காலம் அது. சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தமிழை நீக்கும் முயற்சி எழ, பரிதிமாற்கலைஞரும் பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து வாதாட வேண்டியிருந்தது. ஏடுகள் செல்லரித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்ல வல்லாரும் அருகி வந்தனர்.

குறிக்கோளின் தெளிவு

மதுரையில் சொற்பொழிவாற்றச் சென்ற பாண்டித்துரையார், மேற்கோள் பார்க்கத் திருக்குறளும் கம்பராமாயணமும் தேடியபோது அந்நகரில் எளிதிற் கிடைக்கவில்லை என்றும், அக்குறையே சங்கம் காணத் தூண்டிற்று என்றும் சொல்லப்படுகிறது. செவிவழிச் செய்தியேயாயினும் இதில் ஓர் உண்மை உண்டு. ‘தமிழ் வாழ்க’ என்பது வாழ்த்து. ‘வேண்டுவார்க்கு நூல் கிடைக்க வேண்டும், அதனைக் கற்பிக்க ஆள் வேண்டும்’ என்பது குறிக்கோள். முன்னது எல்லார்க்கும் எளிது. பின்னதைச் சொன்னவர் செய்தும் காட்டவேண்டும்.

1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் சங்கம் தொடங்கிற்று. சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சுக்கூடம், தமிழ்த் தேர்வுகள், ‘செந்தமிழ்’ இதழ் என்பன அதன் ஐந்து உறுப்புகள். கலாசாலை கற்பித்தது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகள் கற்றவரைத் தரம் கண்டு, தமிழாசிரியர் பணிக்கு வழிகாட்டின. புத்தகசாலை ஏட்டையும் நூலையும் காத்தது. அச்சுக்கூடம் அவற்றை வெளியிட்டது. 1902ஆம் ஆண்டு தோன்றிய ‘செந்தமிழ்’ ஆராய்ச்சியைப் பலர் கைகளில் சேர்த்தது. ஓர் உறுப்பின் விளைவு மற்றோர் உறுப்பிற்கு உணவாயிற்று. தனித்தனியே இவை ஐந்து அறங்கள். ஒன்றாய்ச் சேர்ந்தபோது ஓர் அமைப்பு.

சங்கத்தைத் தம் அரண்மனையில் வைக்காமல், பல ஊர்ப் புலவரும் வந்து சேரத்தக்க மதுரையில் அமைத்ததும் கருதற்குரியது. தம் வாயிலில் புலவர் வந்து நிற்பதை அவர் விரும்பியிருந்தால் இராமநாதபுரமே போதும். இதழின் பொறுப்பைப் புலமையுடையாரிடம் அளித்தார். இரா. இராகவையங்கார், மு. இராகவையங்கார், திருநாராயணையங்கார் என ஆசிரியர் மாறினர், இதழ் நின்றது. மு. இராகவையங்கார் அவ்விதழில் எழுதிய வீரத்தாய்மார் பற்றிய கட்டுரையைப் பாரதியார் உவந்து பாராட்டினார். பழந்தமிழ் ஆராய்ச்சி புதுக்கவிஞர் ஒருவரின் நெஞ்சைத் தொட்ட செய்தி இது. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு தனியே உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910ஆம் ஆண்டு இச்சங்கத்தின் வழியே வெளிவந்தது. தனிமனிதர் உழைப்பை அமைப்பு காத்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒரே ஆண்டில் இரு முடிவுகள்

பாண்டித்துரையார் மற்றோர் அமைப்பிற்கும் தலைவராய் இருந்தவர். 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் பத்து இலட்சம் ரூபாய் மூலதனத் திட்டத்துடன் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கமே அது. அதன் உயிர்நாடி வ.உ. சிதம்பரம் பிள்ளை. காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையே ஓடின. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. அரசு 1908ஆம் ஆண்டு வ.உ.சி.யைச் சிறையிலிட்டது. 1911ஆம் ஆண்டு நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டது. காலியா எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

அவ்வாண்டு செப்டம்பரில் தமிழ்ச் சங்கத்திற்குப் பத்தாண்டு நிறைந்தது. டிசம்பர் 2ஆம் நாள் பாண்டித்துரையார் தம் நாற்பத்து நான்காம் வயதில் இயற்கை எய்தினார்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு, நாவாய்ச் சங்கத்தாருக்குத் தொலைநோக்கு இல்லை என்று முடிவுகட்டுதல் அநீதி. கடலில் ஓடிய கப்பல் ஆட்சியாளரின் வருவாயையும் அதிகாரத்தையும் நேரே தாக்கியது. அச்சேறிய இலக்கணம் அவ்வாறு தாக்கவில்லை. அடக்குமுறையின் முழுப் பளுவும் ஒன்றன்மேல் விழுந்தது, மற்றொன்று தப்பியது. எனினும் ஒன்று மட்டும் தெளிவு. சிதம்பரனார் சிறைப்பட்டபின் அவர் இடத்தை நிரப்பப் பிறர் இல்லை. பாண்டித்துரையார் மறைந்தபின் கற்பிக்க ஆசிரியர் இருந்தனர். தேர்வெழுத மாணவர் இருந்தனர். அடுத்த இதழுக்குக் கட்டுரை இருந்தது.

பின்னர் இருபெரும் போர்கள் வந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்களே ஒழிந்தன. சங்கத்தை ஈன்ற செல்வம் மறைந்தது. சங்கமோ 2001ஆம் ஆண்டு நூறாண்டு கண்டது. மதுரையில் அதன் செந்தமிழ்க் கல்லூரி இன்றும் தமிழ் கற்பிக்கிறது.

நம் வட்டம்

தொலைநோக்கு என்பது வருவதை முன்னறியும் ஆற்றல் என்று நாம் மயங்குகிறோம். பாஸ்கர சேதுபதி இரண்டே ஆண்டுகளில் மறைவார் என்றோ, ஜமீன் ஒழியும் என்றோ பாண்டித்துரையார் அறிந்திலர். தாம் இல்லாத நாளிலும் செய்யத்தக்க வேலை எது என்பதை அறிந்திருந்தார். அவ்வேலையைப் பலர் தோளில் வைத்தார். மாறும் உலகில் தலைமைக்கு வாய்க்கக்கூடிய தெளிவு அவ்வளவே; அதுவே போதுமானதும் ஆகும்.

கவியரங்குகளாலும் நூல் வெளியீடுகளாலும் பத்தாண்டுகள் நிறைந்தன. கவிதை பாடுவோர் நம்மிடையே பலர். அவற்றைத் தொகுத்துக் காப்போர் எத்தனை பேர்? இளங்கவிஞர் ஒருவர் யாப்புக் கற்க வேண்டின், அவரை நாம் யாரிடம் அனுப்புவோம்? தலைவரும் செயலரும் ஓராண்டு ஊரில் இல்லையெனின் கூட்டம் நடைபெறுமா? பொன்னாடைகளுக்கு நடுவே இவ்வினாக்களுக்கும் இம்மலர் இடந்தருதல் வேண்டும். பாண்டித்துரையார்க்குப் பதினோராம் ஆண்டைக் காணும் பேறு சில திங்களே வாய்த்தது. நமக்கு முழுமையாக வாய்த்திருக்கிறது.