ஏழு வயதை ஒட்டி மாறும் சிந்தனை: பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிப் படிநிலைகள்

ஒரே அளவான இரண்டு குவளைகளில் மைலோவைச் சமமாக ஊற்றி, ஒன்றை மட்டும் உயரமான ஒல்லிக் கிளாசுக்கு மாற்றினால், கிளாசில்தான் அதிகம் இருக்கிறது என்று ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் சொல்லும். கண்ணெதிரே ஊற்றியும் அப்படித்தான். சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஜீன் பியாஜே (1896-1980) இத்தகைய தவறுகளையே ஆராய்ந்தார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே விதமாகத் தவறு செய்வதை, பாரிஸில் அறிவுத்திறன் சோதனைப் பணியில் இருந்தபோது கவனித்திருந்தார்.

அவர் வகுத்த படிநிலைகள் நான்கு. இரண்டு வயது வரை, தொட்டும் வாயில் வைத்தும் அறியும் புலனியக்க நிலை. ஏழு வரை பேச்சும் பாவனை விளையாட்டும் பெருகும் முன்செயல்பாட்டு நிலை. அப்போது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதே பெரிது. ஏறக்குறைய 11 வரை பருப்பொருள் நிலை. கையில் பொருள் இருந்தால் தர்க்கம் ஓடும். அதன் பிறகே இயற்கணிதம் போன்ற கருத்துநிலைச் சிந்தனை.

மலேசியப் பெற்றோர் கவனிக்க வேண்டியது இரண்டாம் நிலையும் மூன்றாம் நிலையும் சந்திக்கும் இடம். முதலாம் ஆண்டு அங்குதான் தொடங்குகிறது. ஏழு வயதை எட்டும் ஆண்டில் சேர்க்கப்படுவதால், ஜெஞ்சாரோமிலும் கிள்ளானிலும் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். கிட்டத்தட்ட ஓராண்டு வித்தியாசம்! பின்தங்கும் பிள்ளையை 'மந்தம்' என்று முத்திரை குத்துமுன் பிறந்த மாதத்தைப் பார்ப்பது நல்லது.

42-இல் 17-ஐக் கழிக்க, 'பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கு' என்பது இந்த வயதுக்கு வெறும் மந்திரம். செம்பனை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்தால், ஏழை எடுக்க ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். இதற்குச் செலவே இல்லை. பயிற்சிப் புத்தகம் வாங்கிக் குவிப்பதைவிடப் பயனும் அதிகம்.

பியாஜேயின் வயதெல்லைகள் கல்வெட்டல்ல. 1970களில் மார்கரெட் டொனால்ட்சனும் சக ஆய்வாளரும், குறும்புக் கரடிப் பொம்மை ஒன்று வரிசையைக் கலைத்ததுபோல் காட்டிக் கேட்டபோது, ஆறு வயதுக்குட்பட்ட பலரும் எண்ணிக்கை மாறவில்லை எனச் சரியாகச் சொன்னார்கள். கேட்கும் விதமும் விடையை மாற்றுகிறது. அப்படியானால், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையிடம் புரியாத மொழியில் கேட்டுவிட்டு அதன் அறிவை எடைபோடுவது சரியல்ல.

முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019-இல் நீக்கப்பட்டு, வகுப்புசார் மதிப்பீடு வந்துவிட்டது. ஆகவே ஆசிரியரைச் சந்திக்கும்போது 'எத்தனை மதிப்பெண்?' என்பதைவிட, 'எந்தப் படியில் தடுமாறுகிறான்?' என்று கேட்கலாம்.