கண்டம் ஆன ஜீப்புகளின் ஊர்

எனக்குத் தெரிந்து காவேரிப்பட்டினத்துக்கு ஷோரூமிலிருந்து நேராக வந்த ஜீப் குறைவு. பி.டி.ஓ. ஆபீசில் ஓடித் தேய்ந்து, உதவாது என்று கழித்துக் கண்டம் ஆகி, ஏலத்தில் போய், அப்புறம்தான் மாந்தோப்புக்கு வரும். இல்லையென்றால் குடகு, சிக்மகளூர் எஸ்டேட்டில் காப்பி மூட்டை சுமந்துவிட்டு ஓசூர் வழியாக இறங்கும். நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். என் வாசலில் நின்ற ஜீப்புகளுக்கெல்லாம் ஆர்.சி. புத்தகத்தில் குறைந்தது இரண்டு பேர் ஏறியிருப்பார்கள்.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, நாடே அப்படித்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படைகள் கழித்துவிட்ட வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகள் டிஸ்போசலில் விலைக்கு வந்தன. 1948-ல் காஷ்மீர் சண்டைக்கு அவசரமாக வண்டி தேவைப்பட்டது. லண்டனில் இந்தியாவின் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பழைய ஜீப்புகளைச் செப்பனிட்டு அனுப்ப ஒரு கம்பெனியோடு 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்கிய 155 வண்டிகளும் உதவாது என்று ராணுவம் கைவிரித்தது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்பதை எங்கள் ஊர் மாங்காய் வியாபாரியே டெல்லிக்குச் சொல்லியிருப்பார்.

1945-ல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் கூட்டாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதியமைச்சர் ஆனார். கம்பெனி 1949-ல் பம்பாய் மசகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்தது. அவை கிராமத்துக்கு வந்தது அரசாங்கத்தின் தயவில். 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டாரத்துக்கு ஒரு பி.டி.ஓ., அவருக்கு ஒரு ஜீப். புழுதி கிளம்பினால் ஆபீசர் வருகிறார் என்று அர்த்தம்.

அந்தக் காலத்து வில்லிஸ் சி.ஜே.-3பி வண்டியின் பானட் மட்டும் ஏன் அவ்வளவு உயரம் என்று பையன்கள் கேட்பதுண்டு. போர்க்கால இன்ஜினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கின் பக்கத்திலேயே நிற்கும். அடுத்து வந்த ஹரிகேன் இன்ஜினில் காற்று உள்ளே போகும் வால்வு ஹெட்டுக்கு ஏறியது. இன்ஜின் வளர்ந்தது, மூடியும் வளர்ந்தது. அவ்வளவுதான். அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோன அந்த உருவத்தை நாம் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓட்டினோம்.

அரசாங்கத்துக்குப் பெட்ரோல் கட்டுப்படியானது, தோப்புக்காரருக்கு ஆகவில்லை. பிறகு மகிந்திராவே பி-275 டிராக்டர் இன்ஜினின் வம்சத்தை ஜீப்பில் இறக்கியது, எண்பதுகளில் எம்.எம். 540-ல் பியூஜோ டீசல் இன்ஜின், 2,112 சி.சி. இதற்குள் எங்கள் பட்டறைகளும் சும்மா இருக்கவில்லை. ஏலத்தில் எடுத்த பெட்ரோல் ஜீப்பில் மேட்டடோர் வேனின் டீசல் இன்ஜினை உட்கார வைப்பார்கள். மவுண்ட்டிங் நான் வெட்டித் தருவேன். டிராக்டர் மெக்கானிக்குக்கு ஜீப் புது வித்தையாகவே இருந்ததில்லை. தொழில் இங்கே நிலைத்ததற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கர்நாடக எல்லை. பழைய உதிரிபாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை எங்களுக்கு எட்டாத தூரம். பெங்களூர் சிவாஜி நகர் குஜிரி, அதாவது பழைய சாமான் சந்தை, 100 கிலோமீட்டர். காலை பஸ்ஸில் போய் கிரவுன் பினியன், டிரான்ஸ்பர் கேஸ் பல்சக்கரம் எல்லாம் கோணிப்பையில் கட்டிக்கொண்டு ராத்திரி திரும்பிவிடலாம். கடைக்காரர் தமிழிலேயே பேரம் பேசுவார்.

வாங்க வருகிறவர்களிடம் எங்கள் மெக்கானிக் ஒன்று சொல்வார்: “ஃபோர் வீல் வேலை செய்யுதான்னு கேக்காதீங்கண்ணா, குனிஞ்சு பாருங்க.” டீசல் மிச்சம் பிடிக்க முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி எடைக்குப் போட்ட வண்டிகள் உண்டு. ஹவுசிங் இருக்கும், உள்ளே கிரவுன் இருக்காது. முன் சக்கரத்தின் உள்பக்கம் உருண்டையாக ஒரு இரும்புக் குமிழ் தெரியும். அதில் துருப் புள்ளி விழுந்திருந்தால் ஃபெல்ட் எத்தனை மாற்றினாலும் கிரீஸ் டயரில் வழியும். ஸ்டியரிங் ஆடினால் கிங்பின் பேரிங். அதற்கு ஷிம் குறைத்து இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு மாங்காய் மண்டியிலிருந்து ஸ்பிரிங் தராசு வரும். ஃபெல்ட்டைக் கழற்றிவிட்டு, ராடு மாட்டுகிற ஓட்டையில் கொக்கியை மாட்டி இழுப்பார். வேண்டிய எடையைக் காட்டும்போது அசைந்தால் சரி. கம்பெனி மேனுவலும் ஸ்பிரிங் தராசைத்தான் சொல்கிறது, மாங்காய் வாடை அடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இரும்பு வேலையைவிடக் காகித வேலை கடினம். கர்நாடகத்தின் கே.ஏ. நம்பர் வண்டி என்றால் அங்கே என்.ஓ.சி., இங்கே ஆயுள் வரி. சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்க வேண்டும். உப்புத்தாள் போட்டும் எழுத்து எழும்பவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம் என்பேன். 15 வருடம் கழிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. ஜீப்புக்கும் அப்போது அதே கணக்குதான்.

ஆனாலும் தோப்பு வேலையிலிருந்து ஜீப்பைத் தள்ளியது இந்தக் கட்டணம் அல்ல. 2005-ல் டாடா ஏஸ் வந்ததுமே மாங்காய்ப் பெட்டி அதில் ஏறிவிட்டது. அஞ்செட்டிப் பக்கம் மலை ரோட்டுக்கு மட்டும் கொஞ்ச காலம் ஜீப் தேவைப்பட்டது.

இப்போது பெங்களூரிலிருந்து பையன்கள் வருகிறார்கள். நல்ல சம்பளக்காரர்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள். தாத்தா காலத்து வில்லிஸ் வேண்டும், டீசல் வேண்டாம், ஒரிஜினல் பெட்ரோல் இன்ஜின் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். இந்த ஊரில் கழற்றியதெல்லாம் எடைக்குப் போய்விட்டது, சிவாஜி நகரில் கேட்டுப் பாருங்கள் என்கிறேன். அங்கே கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்கள்.