மூக் சிந்தசைசரும் அகமதாபாத் நாடாக்களும்

காஞ்சிபுரத்துத் தறியில் ஜக்கார்டு அட்டைகளை வளையமாகக் கோர்த்திருப்பார்கள். கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை வரும், புட்டா மறுபடி விழும். ஒலியையும் இப்படிச் சுற்றவிடலாம். காந்த நாடாவை வெட்டி இரு முனைகளையும் ஒட்டினால் பதிந்த ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். இன்று கையடக்கக் கருவியே இதைச் செய்கிறது.

இந்தியாவில் இத்தகைய சோதனை இசை நடந்தது இன்னொரு நெசவு நகரமான அகமதாபாத்தில். அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969ஆம் ஆண்டு அமெரிக்கர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை அமைத்தார். அதில் மின்னழுத்தம் கூடினால் சுருதி ஏறும், ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி. நாடாவின் ஒலியையே மீண்டும் உள்ளே செலுத்தியும் டியூடர் இசை பதிந்தார்.

அவரோடு நின்றிருந்தால் இது வெளிநாட்டார் கதை. 1946இல் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்பித்த கீதா சாராபாய், எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அங்கே இசையமைத்தனர். 1972க்குப் பின் அனைவரும் மறந்தனர். நாடாக்கள் மட்டும் நிறுவனத்திலேயே கிடந்தன.

2017இல் பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அதில் மாத்தூரின் ஒரு படைப்புக்குப் பெயர், 'ஒருகாலத்தில் நான் தம்புரா வாசித்தேன்' என்பதாகும்!