சாட்சி வேளையில் எழாதவர்கள்

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடுவார்கள். மாதக் கணக்கு என்பது இங்கே பல வீடுகளுக்குப் பழக்கமில்லை. வாரக் கணக்கு, ஷிப்ட் கணக்கு, பீஸ் ரேட் கணக்குதான். அதனால் இவ்வூரின் ஞாயிறு ஆராதனைக்கு ஒரு தனிக் குணம் வந்துவிட்டது. முந்தின இரவு எண்ணி வைத்த நோட்டுகளை மனத்தில் மறுபடி எண்ணிக்கொண்டேதான் பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். சாட்சி வேளை வந்ததும் சிலர் எழுவார்கள். நின்றுபோன ஆர்டர் திரும்ப வந்தவர், பேங்க் லோன் கிடைத்தவர், மகளுக்கு வரன் அமைந்தவர், ஆபரேஷன் நல்லபடி முடிந்து வீடு திரும்பியவர். சபையாரும் மனம் நிறைந்து ஸ்தோத்திரம் சொல்வார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

என் அப்பா எழுந்ததே இல்லை. நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1984-இல் இங்கே வந்து, ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, கண்பார்வை மங்கும் வரை தைத்தவர். பிறகு கட்டிங் டேபிளில் உதவியாள், பிறகு வாட்ச்மேன், பிறகு வீடு. ஒவ்வொரு மாற்றமும் ஒரு படி கீழே இறங்குவதாகவே அமைந்தது. ஆராதனையை ஒரு வாரமும் தவறவிடாதவர், சாட்சி மட்டும் சொல்லவில்லை. ஒருமுறை கேட்டேன். "நல்லது ஏதாச்சும் நடக்கட்டும், அப்பம் சொல்லுதேன்" என்றார். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரையே அதிலிருந்து பிறந்ததுதான்.

கண்டதைச் சொல்பவன் சாட்சி. கண்டது நல்லதாக இருந்தால்தான் பேசலாம் என்று எந்த நீதிமன்றத்திலும் விதி கிடையாது. விவிலியத்திலும் கிடையாது. சங்கீதங்கள் 150, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள், அழுகைகள். எத்தனை காலம் என்று ஆண்டவரையே கேட்பவை. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் துதியாகத் திரும்பிவிடும். ஆனால் 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. நண்பர்கள் விலகிப் போனதைச் சொல்லி, இருளில் தொடங்கியது இருளிலேயே முடிந்துவிடுகிறது. தொகுத்தவர்கள் அதற்கு ஒரு நல்ல முடிவை ஒட்டுப்போடவில்லை. அப்படியே வேதத்தில் வைத்தார்கள். என் அப்பாவுக்கு யாராவது அந்தச் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்து, "ஐயா, இதுவும் சாட்சிதான்" என்று சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம்.

புலம்பல் என்றே பெயர் பெற்ற நூலும் இருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்த பிறகு எழுந்த ஐந்து பாடல்கள். எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டு. முதல் நான்கு பாடல்களும் அந்த எழுத்து வரிசையிலேயே அமைக்கப்பட்டவை, நம் ஆத்திசூடி அகர வரிசையில் செல்வதுபோல. ஊர் எரிந்து கிடக்கும்போது எழுத்து வரிசை பார்த்துப் பாடுவார்களா என்று தோன்றலாம். துக்கத்துக்கு ஒரு கரை வேண்டியிருக்கிறது என்பதாகவே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்து வரை அழலாம். நடுவில் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். ஐந்தாம் பாடலுக்கும் இருபத்திரண்டு வசனங்கள் உண்டு, ஆனால் வரிசை கலைந்துவிடுகிறது. அழுது அழுது கரையும் கரைந்த இடம் அது.

தமிழுக்கு இது அந்நியமான பேச்சல்ல. ஐந்திணையில் நெய்தலுக்கு உரிப்பொருளாக இரங்கலையே வைத்தார்கள் நம் முன்னோர். ஆதரித்தவன் மறைந்தபின் செயலற்று நிற்கும் நிலைக்குக் கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்தார்கள். தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்ற சொல்லுக்குத் தனிமை என்று பொருள் தருகிறது. அதைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழுகைக்கும் தனித்திருப்பதற்கும் ஒரே சொல். அழுவதனால் மனிதர் தளர்வதில்லை, தனியே அழுவதனால் தளர்கிறார் என்று அந்தச் சொல்லே சொல்வதாக எனக்குப் பட்டது. ஒப்பாரி அதற்கு நம் பெண்கள் கண்ட வழி. ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, ஒருத்தியின் இழப்பைப் பத்துப் பேரும் பாடினார்கள். பல கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒப்பாரி நின்று, அந்த இடத்தில் ஞானப்பாட்டு வந்தது. மறுமை நம்பிக்கையைச் சொல்லும் அழகான பாட்டுகள். ஆனாலும் அந்த மாற்றத்தில் ஒன்றை இழந்தோம் என்று நான் நினைக்கிறேன். கட்டிப்பிடித்து அழும் பழக்கத்தை விசுவாசக் குறைவு என்று எண்ணத் தொடங்கினோம்.

அந்த எண்ணத்தின் விலை என்ன என்பதை 2011-இல் பார்த்தேன். அவ்வாண்டு ஜனவரி 28 அன்று, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டாததால், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். இந்தத் தொழில் ஒரு சங்கிலி: நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். நடுக் கண்ணி அறுந்ததும் முன்னும் பின்னும் இருந்தவர்கள் நின்றுபோனார்கள். துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்க வசதியுள்ளவர்கள் சமாளித்தார்கள். பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்தவர்கள் மெஷினுக்குத் துணி போர்த்தினார்கள். அந்த மாதங்களில் ஆலயங்களில் நாங்கள் கேட்ட பிரசங்கங்கள் பெரும்பாலும் 'கதவு திறக்கும்' என்பதைப் பற்றியவை. எப்போது திறக்கும் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றையும் நாங்கள் சொல்லவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல், எங்கள் ஊரைத் தாண்டும்போது நிறம் மாறி ஓடியது எங்கள் பிழைப்பால்தான். பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழ்க்கரை விவசாயிகள் கிணறு கெட்டு, நிலம் உவர்ப்பேறி, பல ஆண்டுகள் அழுத பிறகுதான் வழக்கு அந்தத் தீர்ப்பை எட்டியது. எங்களுக்கு முன்பே அவர்கள் புலம்பத் தொடங்கியிருந்தார்கள். புலம்பல் நூல் பகைவனை மட்டும் குற்றம் சொல்லவில்லை. எங்கள் பாவமும் இதில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறது. வேலை இழந்த சாயத் தொழிலாளிக்கும் கிணறு இழந்த விவசாயிக்கும் ஒரே பந்தியில் அழ இடம் கொடுக்க எந்த மேடையாலும் முடியாதபோது, அந்தப் பழைய நூலால் முடிந்திருக்கும். பிலிப்பி பட்டணத்து ஆற்றங்கரையில் பவுலின் பேச்சைக் கேட்டு மனம் திறந்த லீதியாளும் சாயமேற்றிய துணி விற்றவள்தான், இரத்தாம்பர வியாபாரி. அங்கே ஜெபம் ஆற்றங்கரையில் நடந்தது. நொய்யல் கரையில் அப்படி ஒரு நாள் கூடி ஜெபிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்நாட்களில் கடன் சுமையில் உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தவர்கள் உண்டு. அவர்களிடம் பேசப் போகும் ஊழியர்கள் முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். எலியா பெரிய தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் வென்றவன். ராணி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். ஆண்டவர் அவனைக் கண்டிக்கவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தூங்கவிடுகிறார். தூதன் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் காட்டுகிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறான். மறுபடி அடை. கேள்வி கேட்கும் குரல் அதற்குப் பிறகுதான், நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் வருகிறது. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள். வாய் திறந்தார்கள், கெட்டது.

ஊர்விட்டு ஊர் வருவது திருப்பூரில் எல்லார் கதையும்தான். முதலில் தேனி, திண்டுக்கல், நெல்லை, தூத்துக்குடியிலிருந்து வந்தோம். இப்போது லைன் வீடுகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் பேச்சுகள் கேட்கின்றன. இப்படியே ஊர்விட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்ப வரும் என்றான். கேட்க இனிமையாக இருந்திருக்கும். எரேமியா எழுபது என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அவர்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு வருடம் என்றவனின் வாக்கு பொய்த்தது. மாற்றத்தைத் தாங்க உதவியது எரேமியாவின் கடினமான கணக்குதான்.

இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து ஊர் திரும்பாமலே மறைந்த வீரமாமுனிவர், 1726-இல் முடித்த தேம்பாவணிக்கு ஒரு தச்சுத் தொழிலாளியைக் காப்பியத் தலைவனாக்கினார். யோசேப்புக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் சூட்டி, 3,615 பாடல்கள் பாடினார். கைக்குழந்தையோடு இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்ட குடும்பத்தை மரங்களும் பறவைகளும் நிறைந்த தமிழ் வழிகளில் நடக்கவைத்தார். அதே யோசேப்பைத் தொழிலாளர் பாதுகாவலராக மே 1-இல் நினைவுகூரும் திருநாளைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்தினார். ஊரடங்கில் சிக்கிய புலம்பெயர் தொழிலாளர்களுக்கான முதல் சிறப்பு ரயில் தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹதியாவுக்குப் புறப்பட்டதும் ஒரு மே 1, 2020. அம்மாதமே திருப்பூரிலிருந்தும் ரயில்கள் கிளம்பின. மூட்டையோடு வரிசையில் நின்ற அந்த இளைஞர்களில் எத்தனையோ பேர் எங்கள் ஞாயிறுகளில் பின் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் பேரை நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. இதை எழுதும்போதும் மனம் வலிக்கிறது.

யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வது எங்கள் ஊருக்காகவே எழுதினாற்போல இருக்கும். அவள் தையல் தெரிந்தவள். இறந்ததும் விதவைகள் கூடி அழுகிறார்கள். பேதுரு வந்ததும், அவள் தைத்துத் தந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டிக் காட்டி அழுகிறார்கள். அந்தப் புலம்பலில் துணி இருக்கிறது, கைவேலை இருக்கிறது. கணவனை இழந்த பெண்ணுக்குப் பிசிர் வெட்டும் வேலையோ செக்கிங்கோ வாங்கித் தந்து, தைக்கவும் கற்றுக் கொடுத்த அக்காமார் எங்கள் ஒவ்வொரு வீதியிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பிரசங்க பீடத்தில் ஏறியவர்கள் அல்லர்.

பிறகு மறுபடி ஒரு மாற்றம் வந்து நின்றது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குப் போவது. வரி எண்ணை வாஷிங்டனில் எழுதினார்கள். ஷிப்ட் இங்கே குறைந்தது.

அந்த ஆண்டு புரட்டாசியில் எங்கள் வீதியின் வீட்டு ஜெபக் கூட்டத்தில், பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த இளம்பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று ஆகி, பிறகு அதுவும் இல்லை. கைக்குழந்தை உறவினர் வீட்டில். ஜெப விண்ணப்பம் கேட்டபோது அவள் விண்ணப்பம் எதுவும் வைக்கவில்லை. வாடகை, நகைக்கடன், மாமியாரின் பேச்சு, பால் சுண்டிப்போனது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். ஏன் இப்படி, ஏன் இப்படி என்று கேட்டாள். வழக்கமாக நடுவில் யாராவது ஒரு வாக்குத்தத்த வசனம் சொல்லிவிடுவார்கள். அன்று ஒருவரும் சொல்லவில்லை. மூத்தவர்கள் இருவர் நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவளோடு சேர்ந்து அழுதாள். வெகுநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு வீட்டுக்காரம்மா உள்ளே போய் இட்லித் தட்டோடு வந்தார்.

"மொதல்ல சாப்பிடு அம்மிணி. எங்க தம்பி டேபிள்ல உள்ளூர் ஆர்டர் ஓடுது, கைமடிக்கு ஆள் வேணும்னான். திங்கக்கெழம காத்தால என்கூட வா."

அவள் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.