டிரங்குப் பெட்டியில் பதிமூணு பாலிசி

எங்க வீட்டு மாருதி 800, 1997 மாடல், வெள்ளை. 2009 ஜூலையில் உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு லாரி பின்னாடி இடிச்சதுல டிக்கி பின் சீட்டுக்கு வந்துடுச்சு. ஓட்டிட்டு வந்த அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. ஆஸ்பத்திரி பில் தனிக்கதை.

ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட் 58 ஆயிரம். பாலிசியில் போட்டிருந்த வண்டி மதிப்பு 65 ஆயிரம். ரிப்பேர் செலவு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி 'டோட்டல் லாஸ்' என்பது கணக்கு. அதில் சண்டையே இல்லை. சண்டை வந்தது அடுத்த கடிதத்தில். 38 ஆயிரம் தருவோம், இதுவே முழு, இறுதித் தீர்வு என்று எழுதி, கூடவே ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலில் புள்ளி வேறு வைத்திருந்தார்கள்!

"பன்னெண்டு வருஷ வண்டி சார், மார்க்கெட்ல நாப்பதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் சர்வேயர். பொய்யில்லை. நான் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கட்டிலில் கிடந்தபடியே அப்பா, "டேய், அந்த டிரங்குப் பெட்டிய இழு" என்றார்.

மின்வாரியத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு காகிதம் விடமாட்டார். 1997-லிருந்து 2009 வரை பதிமூணு பாலிசி, வருஷவாரியாக, நூல் கட்டி. அதைப் பிரித்து வரிசையாகப் படித்தபோதுதான் மோட்டார் இன்ஷூரன்ஸுக்கு ஒரு சரித்திரம் இருப்பதே எனக்குத் தெரிந்தது.

சுருக்கமாக: மூன்றாம் நபருக்கான காப்பீடு இந்தியாவில் கட்டாயமானது 1946 ஜூலையில். 1973-ல் பொதுக் காப்பீடு முழுக்க அரசுக்குப் போய் நாலு கம்பெனி ஆனது. நம்ம சென்னையில் தலைமையகம் வைத்த யுனைடெட் இந்தியா அதில் ஒன்று. பிரீமியம், வாசகம் எல்லாம் டாரிஃப் கமிட்டி சொன்னபடிதான். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே ரேட், ஒரே வரி.

அந்தக் காலத்துப் பாலிசியில் வண்டி மதிப்பு என்பது 'காப்பீடு எடுத்தவர் மதிப்பிட்ட தொகை'. நீங்கள் ஒரு தொகை சொல்வீர்கள், அதுக்கு பிரீமியம் வாங்கிக்கொள்வார்கள். வண்டி நொறுங்கினால் அந்தத் தொகை அல்லது அன்றைய மார்க்கெட் விலை, எது குறைவோ அது! அதாவது பிரீமியம் ஒரு விலைக்கு, பட்டுவாடா வேறொரு விலைக்கு. பேரமெல்லாம் விபத்துக்கு அப்புறம்தான். வண்டியும் போய், கையும் ஒடிஞ்சு கிடக்கிறவன் என்னத்த பேரம் பேசுவான்?

2002 ஜூலை 1-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் இதை மாற்றியது. ஐடிவி என்று ஒன்று வந்தது. புது வண்டியின் விலையில் வயசுக்கு ஏற்ற கழிவு: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 15, அப்புறம் 20, 30, 40 என்று ஏறி அஞ்சாவது வருஷத்துக்கு 50. முழு நஷ்டமென்றால் பாலிசி காலம் பூராவும் இதுவே மார்க்கெட் விலை, மேற்கொண்டு தேய்மானம் கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. 2007 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு போன பிறகும் இந்த வாசகம் போகவில்லை.

அஞ்சு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு? அட்டவணை கிடையாது. கம்பெனியும் வண்டிக்காரரும் 'புரிந்துணர்வின் பேரில்' முடிவு செய்துகொள்ள வேண்டியது. கிழட்டு வண்டிக்காரர்கள் மாட்டுவது இங்கேதான். ஆனால் அந்தப் புரிந்துணர்வு எப்போது நடக்கிறது? பாலிசி எடுக்கும்போது. இடிச்சதுக்கப்புறம் இல்லை. சர்வேயர் சொன்ன விலை சரி, சொன்ன நேரம்தான் தப்பு.

ஒவ்வொரு வருஷமும் ஏஜென்ட், "ஐடிவிய கொறைச்சா பிரீமியம் கொறையும் சார்" என்பார். அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டார். சில நூறு ரூபாய்க்கு இவ்வளவு வீம்பா என்று நாங்கள் கிண்டல் செய்திருக்கிறோம் (நான் கொஞ்சம் அதிகமாகவே).

வக்கீல் நண்பர் ஒருவர் 2008 உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் கொடுத்தார். 2002 பிப்ரவரியில், அதாவது புது டாரிஃப் வருவதற்கு முன்பே, 3,54,000 என்று மதிப்பை ஏற்றுக்கொண்டு பிரீமியம் வாங்கிய கம்பெனி, ஏழு மாசத்தில் வண்டி நொறுங்கியதும் 1,80,000தான் என்றதாம். ஏற்ற மதிப்பை இழப்பீடு தரும் நேரத்தில் கைகழுவுவது சட்டப்படியும் தப்பு, நியாயப்படியும் தப்பு என்று கோர்ட் காய்ச்சி எடுத்துவிட்டது. பழைய வாசகக் காலத்துப் பாலிசிக்கே அந்த நிலை.

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஐடிவி வாசகம், தீர்ப்பின் நகல், கடைசியில் 'இதற்குமேல் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் செல்ல உத்தேசம்' என்று ஒரே வரி. வவுச்சரைக் கையெழுத்தில்லாமல் திருப்பி இணைத்தோம். "கோவமா ஒரு வார்த்தை வரக்கூடாது" என்று இரண்டு இடத்தில் என்னை அடிக்க வைத்தார்.

முதல் பதில், 45 ஆயிரம் தருகிறோம். அப்பா அதே கடிதத்தைத் தேதி மட்டும் மாற்றி மறுபடி அனுப்பச் சொன்னார். பதினோரு வாரம் கழித்து, கட்டாயக் கழிவு 500 போக 64,500-க்கு செக் வந்தது. சாவியும் ஆர்சி புக்கும் கொடுத்தோம், உடைந்த வண்டியை அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது வேற வண்டி, அதுவும் பழசாகிவிட்டது. போன மாதம் ஆன்லைனில் ரென்யூ செய்யும்போது ஐடிவியைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு வந்தது. இடது பக்கம் இழுத்தால் பிரீமியம் இறங்குகிறது. பக்கத்தில் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த அப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

"அதத் தொடாதடா."

தொடவில்லை. பிரின்ட் எடுத்து நூல் கட்டிவிட்டார்.