பாரம் தூக்கிய கைகள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்ணிடம், "அந்தக் கையால் குடம் தூக்காதீர்கள், குழந்தையையும் தூக்காதீர்கள்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த அறிவுரை சரிதானா?

1894-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையை விவரித்து எழுதினார். முக்கால் நூற்றாண்டு அம்முறையே கோலோச்சியது. நோய் நீங்கினாலும், பலருக்குத் தோள் இறுகியது, கை வீங்கியது.

வீங்குவது ஏன்? இரத்தத்தைத் தள்ள இதயம் உண்டு. நிணநீருக்கு அப்படியொரு தனி இதயம் இல்லை. ஒருவழி வால்வுகள் கொண்ட குழாய்களில், குழாய்ச் சுவர்களின் சுருக்கமும் சுற்றியுள்ள தசைகளின் அழுத்தமுமே அதை மேலே தள்ளுகின்றன. கணுக்களை நீக்கினால் பாதை தடைப்பட்டுக் கையில் நீர் தேங்குகிறது. உழைத்தால் கைக்கு இரத்த ஓட்டம் கூடும், நீரும் பெருகும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். நியாயமான அச்சம்தான், ஆனால் சோதிக்கப்படாத அச்சம்!

1952-இல் நியூயார்க்கில் இதே அறுவைக்கு உள்ளான டெரீஸ் லாஸர் அம்மையார், மற்ற நோயாளிகளைத் தேடிச் சென்று, சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சி போன்றவற்றைக் கற்பித்தார். கணவன் மனைவி உறவைப் பற்றியும் கூசாமல் பேசினார். சில மருத்துவர்கள் இதை விரும்பவில்லை. ஆயினும் 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவர் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

1996-இல் கனடாவின் வான்கூவரில் மருத்துவர் டான் மெக்கென்சி, சிகிச்சை முடிந்த 24 பெண்களைத் துடுப்புப் படகில் ஏற்றினார். கைகளுக்கு அதைவிடக் கடும் உழைப்பு ஏது? யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை.

24 பேர் போதாது என்கிறீர்களா? 2009-இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை இரு குழுவாக்கி, ஒரு குழுவினரை மட்டும் சிறிது சிறிதாக எடை தூக்கச் செய்தனர். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அது திடீரென முற்றுவதும் குறைந்தது. 2010-இல் வெளியான தொடர் ஆய்வில், எடை தூக்கியவர்களுக்குத் தம் உடலைப் பற்றிய எண்ணமும் தாம்பத்திய உறவைப் பற்றிய நம்பிக்கையும் மேம்பட்டிருந்தன.

பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளால் பிறப்புறுப்பில் வறட்சியும் வலியும் ஏற்படலாம். அதற்குத் தனி மருத்துவம் உண்டு. வெட்கப்படாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். எடை தூக்குவதையும் தகுந்தவர் மேற்பார்வையில், சிறிய எடையிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஓர் ஊகம் எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், சோதனைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அத்தீர்ப்பு வரத் தாமதமானதால், எத்தனை தாய்மார்கள் தம் குழந்தையைத் தூக்காமல் இருந்தார்களோ!